கனத்த கால்

அவளுக்குக் கோபம் வருவதற்கு முன்னால் குரல் வந்துவிடும். அது அவள் குற்றமில்லை. பெரிய கட்டிடங்களில் ஏசிக் காற்று போவதற்குத் தகரத்தில் குழாய் செய்வார்களே, டக்ட் என்று, அந்தப் பட்டறையில் அவளுக்குப் பதினோரு வருஷ வேலை. தகரம் வெட்டுகிற சத்தம், மடக்குகிற சத்தம், ரிவெட் அடிக்கிற சத்தம், இத்தனைக்கும் மேலே ஏறி நின்று பேசினால்தான் பக்கத்து மேசைக்காரனிடம் ஒரு ஸ்க்ரூ கேட்டு வாங்க முடியும். அங்கே அவளுக்கு வைத்த பெயர் வெண்கலம். வீட்டில் வைத்த பெயர் வேறு. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதைவிட ‘மெதுவா பேசு’ என்று சொன்னதுதான் அதிகம். அம்மா ஜன்னலைச் சாத்திவிட்டுச் சொல்வாள். அண்ணன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொல்வான்.

அப்பேர்ப்பட்டவளிடம் வந்து, உன் கார் ரொம்பக் கத்துகிறது, வெளியே வா என்றார்கள். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளலாம். பின்னால் சிரிக்க இடம் இருக்காது.

கார் அவளுக்கும் அண்ணனுக்கும் பொது. இரண்டே கதவு, வயதான வண்டி. அண்ணன் மெக்கானிக், சொந்தமாக ஷெட் வைத்திருந்தான். இன்ஜின் அவன் பொறுப்பு, ஓட்டுவது அவள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே இருக்கிற ரேஸ் ட்ராக்கைச் சாதாரண ஜனங்களுக்குத் திறந்துவிடுவார்கள். போட்டி கிடையாது, பரிசு கிடையாது. உன் காரை உன்னால் எவ்வளவு வேகமாக ஓட்ட முடியுமோ ஓட்டிப் பார்த்துக்கொள், அவ்வளவுதான். மாதம் முழுக்க மெதுவா, மெதுவா என்று கேட்டுப் புளித்த காது அந்த ஒரு நாள் ஹெல்மெட்டுக்குள் நிம்மதியாக இருக்கும். அந்த ஒரு நாளை வைத்துத்தான் அவள் மற்ற நாட்களை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

ட்ராக்கைச் சுற்றி வீடுகள் வந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமை தூங்க முடியவில்லை என்று வீட்டுக்காரர்கள் புகார் கொடுத்தார்கள். அதனால் வளைவே இல்லாத நீண்ட நேர்பாதையின் இடது ஓரத்தில் ஒரு கூண்டு கட்டி, அதில் சத்தம் அளக்கிற மீட்டரோடு ஒருவரை உட்காரவைத்தார்கள். கடந்து போகிற கார் தொண்ணூற்றிரண்டு டெசிபலைத் தாண்டினால் கறுப்புக் கொடி. உடனே ட்ராக்கை விட்டு வெளியே வர வேண்டும். ஒரே வருஷத்தில் மூன்று கொடி வாங்கிவிட்டால் அந்தக் காரின் நம்பரை வருஷம் முடிகிற வரைக்கும் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள். வருஷம் முடிய அப்போது எட்டு மாதம் இருந்தது.

முதல் கொடி விழுந்த அன்று அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. காலையில்தான் மீட்டர்காரர் காரின் பின்னால் குந்தி உட்கார்ந்து, சைலன்சர் வாயிலிருந்து ஒரு முழம் தள்ளி மீட்டரைப் பிடித்து, இன்ஜினை முறுக்கச் சொல்லிப் பார்த்து, சரி, போகலாம் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். நின்ற இடத்தில் சாதுவாக இருந்த கார், ஓடும்போது தொண்ணூற்றைந்து காட்டியதாம். அண்ணன் கூண்டுக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தான். கார்கள் நிற்கிற இடத்தில் பத்துப் பதினைந்து பேர் என்ன ஆச்சு என்று கேட்டபடி நின்றார்கள்.

“ஒண்ணுமில்லப்பா,” என்றான் அண்ணன். “என் தங்கச்சிக்குக் கால் கொஞ்சம் கனம்.”

எல்லோரும் சிரித்தார்கள். டயர் கடைக்காரர் தொடையைத் தட்டிச் சிரித்தார். அவளும் சேர்ந்து சிரித்தாள். பின்னால் நினைக்க நினைக்க அவளுக்கு வயிறு எரிந்தது அந்தச் சிரிப்புக்காகத்தான். மற்றவன் சிரித்தால் அறையலாம், தன் சிரிப்பை என்ன செய்வது?

விளையாட்டுக்குச் சொன்னதுதான். ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. மத்தியானத்துக்குள் அவள் பெயர் கனத்த கால் ஆகிவிட்டது. ஆக்ஸிலேட்டரை மிதிக்கத் தெரியாமல் மிதிக்கிறாள், இன்ஜினை அலற விடுகிறாள், அதனால்தான் கொடி. வாசலில் ஸ்டிக்கர் பார்க்கிறவன்கூட அன்று சாயங்காலம், பார்த்துப் போம்மா, ரோடு தேய்ஞ்சிடப் போகுது என்றான். என் கால் அப்படியெல்லாம் இல்லை என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அதற்கு அண்ணன், ஆடத் தெரியாதவ மேடை கோணல்ன்னாளாம் என்று ஒரு பழமொழியை எடுத்துவிட்டான். அதற்கும் சிரிப்பு.

அடுத்த நான்கு சனிக்கிழமையும் அவள் அண்ணன் ஷெட்டில் காருக்கு அடியில் கிடந்தாள். சத்தம் என்றால் சைலன்சர் என்பது அண்ணன் சொன்ன கணக்கு. இருந்த சைலன்சருக்குப் பின்னால் இன்னொன்று சேர்த்தான். அவள் மல்லாக்கப் படுத்துக் குழாயைத் தாங்கிப் பிடிக்க, அவன் வெல்டு வைத்தான். ஒரு பொறி வந்து அவள் முழங்கையில் உட்கார்ந்து நாணயம் அளவுக்குத் தோலைக் கொண்டுபோயிற்று. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு குழாயை விடாமல் பிடித்தாள். விட்டிருந்தால் அவன் முகத்தில் விழுந்திருக்கும். விட்டிருக்கலாம் என்று பிற்பாடு தோன்றியது.

அவள் அதோடு நிற்கவில்லை. அதைத்தான் சொல்ல வேண்டும். பத்துப் பேர் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னால் நமக்கே நம் மேல் சந்தேகம் வந்துவிடுகிறது. ஒருவேளை நிஜமாகவே என் கால்தான் கனமோ என்று அவள் யோசிக்க ஆரம்பித்தாள். பட்டறையிலிருந்து இரண்டு விரல் கனத்துக்கு ஒரு மரக்கட்டை கொண்டுவந்து, ஆக்ஸிலேட்டருக்கு அடியில் வைத்தாள். எவ்வளவு மிதித்தாலும் கால் முக்கால்வாசிக்கு மேல் இறங்காது. கட்டை நழுவாமல் இருக்க டேப் சுற்ற வேண்டும். டேப் எங்கே என்று கேட்டாள். அண்ணன்தான் ஆணிப்பெட்டிக்குப் பின்னாலிருந்து தேடி எடுத்துக் கொடுத்தான். இன்னும் ரெண்டு சுத்து சுத்து என்று சொல்லவும் சொன்னான்.

கட்டையோடு ஓட்டிய அன்று அவளைச் சின்னக் கார்கள் எல்லாம் முந்திக்கொண்டு போயின. ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர் தன் குடும்பக் காரில், பின் சீட்டில் குழந்தை நாற்காலியோடு, முந்திப் போகும்போது கையசைத்துவிட்டுப் போனார். அப்படியும் மீட்டர் தொண்ணூற்று மூன்று காட்டியது. இரண்டாவது கொடி.

அன்று திரும்பி வரும்போது அண்ணன் பெரிய மனசு பண்ணி ஒரு யோசனை சொன்னான். அடுத்த மாதம் நான் ஓட்டறேன், நீ பக்கத்துல உக்காந்து எப்படி மிதிக்கறதுன்னு பாத்துக் கத்துக்கோ. அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பேசினால் குரல் உயரும், உயர்ந்தால் மெதுவா பேசு என்பான். அதைக் கேட்க அவளுக்குத் தெம்பில்லை.

அந்த வாரம்தான் அது நடந்தது. டக்ட் பட்டறைக்குப் போகிற சந்தில் ஒரு பக்கம் மட்டும் நீளமாக ஒரு மதில் சுவர். மறுபக்கம் வெறும் பொட்டல். காலையில் போகும்போது சுவர் இடது பக்கம் வரும், திரும்பும்போது வலது பக்கம். அன்று அவள் தினமும் வேலைக்கு ஓட்டிப் போகிற வேனை அண்ணனிடம் பிரேக் பார்க்க விட்டுவிட்டு இந்தக் காரில் வேலைக்குப் போனாள். கட்டையைக் கழற்றியிருந்தாள். கண்ணாடிகள் இறங்கியிருந்தன. காலி சந்துதானே என்று ஒரு தடவை காலை முழுக்க அழுத்தினாள்.

இடது பக்கச் சுவர் அவள் காதில் அறைந்தது. பின்னாலிருந்து இல்லை, முன்னாலிருந்து, இடது சக்கரத்துப் பக்கமிருந்து, ‘ர்ர்ராங்’ என்று தொண்டை கிழிகிற சத்தம். காலை எடுத்தாள். இன்ஜின் அதே வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது, சத்தம் மட்டும் காணாமல் போனது. மறுபடி அழுத்தினாள், வந்தது. சந்தின் கோடிக்குப் போய்த் திரும்பி, சுவரை வலது பக்கம் வைத்துக்கொண்டு அழுத்தினாள். பாதிகூட இல்லை. நான்கு தடவை போய்ப் போய் வந்தாள். பட்டறைக் காவல்காரர் ஏதோ தொலைத்துவிட்டாள் போல என்று கூடவே குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார்.

தொலைத்ததுதான். கிடைத்துவிட்டது. இன்ஜின் புகையை வெளியே விடுகிற சத்தமில்லை இது, காற்றை உள்ளே இழுக்கிற சத்தம். அந்த இன்ஜினின் இடது பக்கத்தில் காற்றை இழுக்க நான்கு அலுமினியப் புனல்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். காலை அழுத்தினால்தான் அந்த வாய் முழுக்கத் திறக்கும். காலையில் நிறுத்திவைத்துப் பின்னால் குந்தி அளந்தால் எப்படித் தெரியும்? ஓடும்போது மீட்டர் கூண்டு இருப்பதோ இடது ஓரத்தில், நேரே புனல்களுக்கு எதிரில். முன்பக்கம் இத்தனை பெரிய வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, பின்பக்கம் சைலன்சர் மேல் சைலன்சராகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை.

அன்று சாயங்காலமே ஷெட்டில் போய், புனல்களைப் பெட்டி போட்டு மூடிவிடலாம் என்று சொன்னாள். அண்ணன் பானெட்டைத் திறந்து, பழைய பனியன் துணியால் புனல்களைத் துடைக்க ஆரம்பித்தான். அவை அவனே கடைந்து, அவனே பளபளப்பாக்கியவை. அவன் ஷெட்டுக்கு ஆள் வருவதே அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் என்பான். அவள் சொன்னதை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏசி டக்ட் வேற, இன்ஜின் வேற என்றான். பெட்டி போட்டு மூடினால் இன்ஜினுக்கு மூச்சு முட்டும் என்றான். அவள் சுவரைப் பற்றி மறுபடி சொன்னாள். மெதுவா பேசு, வெளில கஸ்டமர் இருக்காங்க என்றான்.

அவள் ஷெட்டை விட்டு வந்துவிட்டாள். பட்டறையில் வேலை முடிந்த பிறகு முதலாளியிடம் கேட்டு, வெட்டி மிஞ்சிய அலுமினியத் தகட்டில் ஒரு பெட்டி செய்தாள். நான்கு புனல்களும் உள்ளே அடங்க வேண்டும், பானெட்டும் மூட வேண்டும், இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு பெரிதாகச் செய்ய முடியுமோ அவ்வளவு பெரிதாக. டக்ட் செய்கிறவர்களுக்கு ஒன்று தெரியும். தட்டையான தகரம் தனக்கென்று ஒரு மத்தளம். காற்று மாறினால் டப் டப் என்று அடித்துக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு பக்கத்திலும் மூலைக்கு மூலை குறுக்காக, பெருக்கல் குறி போட்ட மாதிரி, ஒரு லேசான மடிப்பு மடிப்பார்கள். அவள் ஆறு பக்கத்திலும் மடித்தாள். உள்ளே கனத்த ஃபோம் ஒட்டி, துணுக்கு பிய்ந்து இன்ஜினுக்குள் போகாமல் மேலே சல்லடைத் தகடு வைத்து ரிவெட் அடித்தாள். காற்று வருகிற வழியை முன் கிரில் வரைக்கும் கொண்டுபோய், நடுவில் ஒரு முழங்கை வளைவு வைத்தாள். ஒரு முனையிலிருந்து பார்த்தால் மறுமுனை தெரியக் கூடாது. கண்ணுக்கு வழியில்லாத இடத்தில் சத்தத்துக்கும் பாதி வழிதான். வளைவில் ஏர் ஃபில்டர். மேலே மூடி, மூடிக்கு ஆறு க்ளிப்.

மூச்சு முட்டுகிறதா என்று பார்க்கவும் அவளிடம் வழி இருந்தது. டக்ட்டில் காற்று தடைபடுகிறதா என்று பார்க்க ஒளி ஊடுருவுகிற ஒரு டியூபை வளைத்துத் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். தடை இருந்தால் தண்ணீர் ஒரு பக்கம் ஏறும். அந்த டியூபை டேஷ்போர்டில் ஒட்டி, இன்னொரு முனையைப் பெட்டிக்குள் விட்டு, அண்ணனைப் பக்கத்தில் உட்காரவைத்து முழு மிதி மிதித்தாள். தண்ணீர் ஒரு விரல் அகலம்தான் ஏறியது. அதற்குமேல் அசையவில்லை. அண்ணன் தண்ணீரைப் பார்த்தான், அவளைப் பார்க்கவில்லை. சரி, பாக்கலாம் என்றான். அடுத்த மாதம் நான் ஓட்டுகிறேன் என்ற பேச்சை மட்டும் விட்டுவிட்டான்.

மூன்றாவது மாதத்து ட்ராக் ஞாயிறு. இன்னொரு கொடி விழுந்தால் வருஷத்தில் மிச்சமிருந்த மாதமெல்லாம் போயிற்று. போனால்கூடப் பரவாயில்லை, பார்த்தியா, கால்தான் என்று சொல்வார்களே, அதைத்தான் அவளால் தாங்க முடியாது. முதல் சுற்றில் நேர்பாதைக்கு வந்ததும் தன்னையறியாமல் காலைப் பின்னுக்கு இழுத்தாள். இரண்டு மாதப் பழக்கம். அப்புறம் தன்மேலேயே கோபம் வந்தது. இரண்டாவது சுற்றில் கூண்டுக்கு முன்னாலிருந்து கூண்டைத் தாண்டுகிற வரைக்கும் பெடலைத் தரையோடு தரையாக வைத்து மிதித்தாள். ஒரு கொடியும் எழவில்லை. மூன்றாவது சுற்றும் அப்படித்தான், நான்காவதும் அப்படித்தான். காருக்குள் டயர் சத்தம் கேட்டது. அந்தக் காரில் டயர் சத்தம் கேட்டது அதுதான் முதல் தடவை.

மத்தியான இடைவேளையில் அவள் கூண்டுக்கு நடந்தாள். எவ்வளவு காட்டியது என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான் எண்ணம். மீட்டர்காரர் ஒல்லியான ஆள். நாள் முழுக்கச் சத்தத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து, தான் மட்டும் கிசுகிசுப்பாகப் பேசுகிறவர். குனிந்துதான் கேட்க வேண்டும். எண்பத்தெட்டு என்றார். ஒரு தடவை எண்பத்தேழு. பெட்டி யார் செய்தது என்று கேட்டார். நான்தான் என்றாள். நல்ல வேலை என்று தலையாட்டினார்.

“ரெண்டு மாசம் முன்னாடியே செஞ்சிருக்கலாம்மா. நான் மொத தடவையே எழுதிக் குடுத்தேனே.”

அவளுக்கு விளங்கவில்லை. யாரிடம் என்றாள். அவர் கார்பன் வைத்து எழுதுகிற ஒரு புத்தகத்தை எடுத்துப் பின்னோக்கிப் புரட்டினார். கொடி கொடுத்தால் காரணம் எழுதிக் கொடுப்பது வழக்கமாம். மேல் தாள் கார்க்காரர்களுக்கு, நகல் இவருக்கு. முதல் கொடி விழுந்த தேதி. அவள் காரின் நம்பர். நீல எழுத்தில்: ‘பின்பக்கம் சரி. சத்தம் முன்பக்கம், இடது. காற்று இழுக்கும் குழல்களை மூடவும். ஓட்டுபவர் மேல் குறை இல்லை.’ கீழே, பெற்றுக்கொண்டதற்கு அண்ணன் கையெழுத்து. ஷெட் ரசீதுகளில் போடுவானே, கடைசி எழுத்துக்கு வால் சுழித்து, அதே கையெழுத்து.

ஓட்டுபவர் மேல் குறை இல்லை. அவள் அந்த வரியை மூன்று தடவை படித்தாள். இந்தத் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்துதான் அவன் அன்று அத்தனை பேர் முன்னால் கால் கனம் என்றான். இந்தத் தாளைப் பையில் வைத்துக்கொண்டுதான் நான்கு சனிக்கிழமை அவளை அடியில் படுக்கவைத்தான். டேப் தேடி எடுத்துக் கொடுத்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து, அந்தச் சோற்றையும் அவளுக்கே ஊட்டியிருக்கிறான். நகலைக் கிழித்துத் தர முடியுமா என்று கேட்டாள். மீட்டர்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். சட்டப்படி முடியாது என்று கிசுகிசுத்துக்கொண்டே கிழித்துக் கொடுத்தார்.

கார்கள் நிற்கிற இடத்துக்கு வந்தபோது அவள் காரின் பானெட் திறந்திருந்தது. பக்கத்தில் தொப்பி போட்ட ஒருவர். கண் டாக்டர். இதே மாதிரி ஒரு இன்ஜின் கட்டித் தரும்படி அண்ணனிடம் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருப்பவர். புனல் சத்தத்தைக் காதால் கேட்டுவிட்டு முடிவு சொல்கிறேன் என்று வந்திருந்தார். அண்ணன் பெட்டி மேல் குனிந்திருந்தான். ஆறு க்ளிப்பில் இரண்டு திறந்திருந்தன. மூன்றாவதில் அவன் கட்டைவிரல் இருந்தது.

அவள் ஹெல்மெட்டை ஒரு டயர் மேல் வைத்தாள். இன்னும் பத்து நிமிஷத்தில் இதே காரில் ஏறி, கூண்டுக்கு எதிரில் போய், பெடலைத் தரையோடு அழுத்தியிருப்பாள்.

“அத எதுக்குத் தொறக்கற?” என்றாள். அவள் குரல் வழக்கத்துக்கு மாறாகத் தாழ்ந்திருந்தது. அண்ணன் அதைக் கவனித்து நிமிர்ந்தான்.

“டாக்டர் சத்தம் கேக்கணும்னார். ஒரே ஒரு ரவுண்டு.”

“என்கிட்ட சொல்லாமயா?”

“சொன்னா நீ ஒத்துக்க மாட்ட.”

“கொடி விழுந்தா?”

“ஒரு ரவுண்டுக்கு விழாதுன்னு நெனச்சேன்.”

“விழுந்தா என்ன சொல்லியிருப்ப?”

அவன் கட்டைவிரலை க்ளிப்பிலிருந்து எடுத்தான். கழுவுற மீனில் நழுவுற மீன் அவன். எப்போதும் ஒரு பதில் வைத்திருப்பான். என்ன சொல்லியிருப்பான் என்று அவளுக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும், டயர் கடைக்காரருக்கும் தெரியும். டாக்டர் ஒருவருக்குத்தான் தெரியாது. அவர் நாகரிகமான மனிதர். சங்கடத்தை மாற்ற நினைத்து, இந்தப் பெட்டி நன்றாக இருக்கிறதே, யார் செய்தது என்று கேட்டார். ட்ராக் சட்டத்துக்காக நாங்க செஞ்சது சார் என்றான் அண்ணன்.

‘நாங்க’ என்ற சொல்லைக் கேட்டதும் அவளுக்குள் ஏதோ அறுந்தது. நகலை விரித்துப் படித்தாள். பதினோரு வருஷம் தகரத்துக்கு மேலே ஏறி நின்ற குரல். தேதியைப் படித்தாள். நம்பரைப் படித்தாள். முன்பக்கம், இடது என்று படித்தாள். ஓட்டுபவர் மேல் குறை இல்லை என்பதை இரண்டு தடவை படித்தாள். கீழே இருந்த கையெழுத்து யாருடையது என்பதையும் சொன்னாள். சக்கரம் மாட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் டப்பாவோடு எழுந்து வந்தார்கள். நேர்பாதையில் அந்த நேரம் ஒரு காரும் ஓடவில்லை, ஆனாலும் மீட்டர் எழுபதைத் தாண்டியது என்று மீட்டர்காரர் பிற்பாடு யாரிடமோ சொன்னாராம். அவர் கிசுகிசுப்பில் யாருக்குச் சரியாகக் கேட்டிருக்கும், தெரியாது.

அண்ணன் கையை நீட்டித் தாளை வாங்கப் பார்த்தான். அவள் கொடுக்கவில்லை. காருக்குள் குனிந்து, சீட்டுக்கு அடியில் கிடந்த மரக்கட்டையை எடுத்தாள். சுற்றிய டேப் இன்னும் அதிலேயே இருந்தது. அதை அவன் துடைத்து வைத்திருந்த மட்கார்டு விளிம்பில் வைத்தாள்.

“இத நான் வெச்சு ஓட்டினேன். என் கால நானே நம்பாம ஓட்டினேன். நீதான டேப் குடுத்த? அப்ப அந்தச் சீட்டு எங்க இருந்துச்சு? இந்தப் பையிலயா, அந்தப் பையிலயா?”

“பொழப்புடி,” என்றான் அவன், பல்லிடுக்கில். “சத்தம் போச்சுன்னா ஷெட்டுக்கு எவன் வருவான்? சும்மா விளையாட்டுக்குத்தான் சொன்னேன். அது அப்படியே நின்னுடுச்சு. நான் என்ன பண்றது?”

“நீ சொன்னது, நீ எடுத்திருக்கலாம்.”

“மெதுவா பேசு. எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும். அன்னிக்கும் பாத்துட்டுதான நின்னாங்க?”

டயர் கடைக்காரர் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்துக்கொண்டார். டாக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார், போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல். அண்ணனுக்குக் கழுத்து சிவந்தது. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம் என்றான். அம்மாவுக்குத் தெரிந்தால் வருத்தப்படுவாள் என்றான். இனிமே இந்தப் பெட்டியைத் தொட மாட்டேன் என்றான். அவள் ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டே திறந்திருந்த க்ளிப்பில் ஒன்றை அழுத்தினாள். டக் என்று மாட்டியது. இன்னொன்றை அழுத்தினாள். அப்புறம் அவன் பக்கம் திரும்பினாள்.

“அன்னிக்கு இதே எடத்துல நின்னு ஒண்ணு சொன்ன. இவங்க எல்லாரும் இருந்தாங்க. இப்பவும் இருக்காங்க. அது பொய்ன்னு சொல்லு.”

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான், எப்போதும் பார்க்கிற மாதிரியே. இந்தத் தடவை பார்த்த பக்கமெல்லாம் ஆட்கள் நின்றார்கள். அவன் தலை குனிந்தது. உதடு அசைந்தது. பக்கத்திலிருந்த டாக்டருக்கு மட்டும் கேட்டிருக்கும்.

“அவ கால் மேல தப்பில்ல,” என்றான் தரையிடம்.

“கேக்கல,” என்றாள் அவள். “சத்தமா பேசு.”